கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றிவிட்டேன்

மன்னார்புரம், திருச்சி
மே 19

அன்புள்ள மகன் ஆஸ்டினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் பிரான்சியும் குட்டி மிரியாமும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலைப் பூசையில் உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறேன், உன் மேல் கோபமாக இருக்கிற நாட்களிலும் அதை விட்டதில்லை, இந்த வாரம் முழுக்கக் கோபமாகத்தான் இருந்தேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டே தலை நரைத்தவள் நான், அந்தப் பக்கம் இருக்கிறவர் கேட்கிறாரா, கேட்கிற மாதிரி ம் போடுகிறாரா என்று மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும். நீ கொஞ்ச காலமாக ம் போடுகிறாய். நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா, புரியுதும்மா, விடும்மா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். லிசி நான் டைப் பண்ணித் தரேம்மா, உடனே போயிடும் என்றாள். உடனே போக வேண்டாம், மெதுவாகப் போகட்டும், போய்ச் சேருவதற்குள் என் கோபம் ஆறிவிட்டால் அது உன் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அக்னி நட்சத்திரம் பிறந்ததில் இருந்து வெயில் மண்டையைப் பிளக்கிறது, போர் தண்ணீர் காலையில் மட்டும்தான் ஒழுங்காக ஏறுகிறது. லிசியின் பெரியவன் பத்தாவதில் கணக்கில் கொஞ்சம் சறுக்கிவிட்டான், மற்றதில் எல்லாம் நல்ல மார்க், மாமா ஒரு வார்த்தை பேசினால் சந்தோஷப்படுவான், உனக்கு நேரம் இருந்தால். எடமலைப்பட்டிப் புதூர் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, இப்போது எல்லார் முகத்திலும் இருக்கிற மருவைக்கூட எண்ணிச் சொல்லிக்கொண்டு திரிகிறார். இதெல்லாம் நல்ல சேதி. இனி நீ அனுப்பிய சேதிக்கு வருகிறேன். போன வாரம் உன் மாமியார் போன் செய்தார்கள். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் அவர்கள் நம்பரே நம் வீட்டில் ஒலிக்கும், மே மாதத்தில் என்ன என்று எடுத்தேன். சம்பந்தி, நீங்க ஒண்டியா எவ்வளவுதான் செய்வீங்க, வயசாயிடுச்சுல்ல, வெக்கப்படாதீங்க, மாப்பிள்ளை சொல்றபடி கேளுங்க என்றார்கள். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை ஒரு படி அளந்து எடுத்திருக்கலாம். எனக்கு ஒன்றும் புரியாமல் சரிங்க சரிங்க என்றேன். சாயங்காலம் திருவானைக்காவலில் இருந்து லிசி அழுதுகொண்டு வந்து நின்றபோதுதான் புரிந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கோழிக்கூட்டில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில் பதிந்த உன் அப்பாவை, நான் இல்லாத குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறாய். பேண்ட் எல்லாம் சேறு, மழையில் மண்ணில் உட்கார்ந்து, கூட்டைத் தடியால் அடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். அதற்குக் கீழே, அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது, இந்த மழையில தனியா விட்டுட்டு அம்மா எங்கே போனாங்கன்னு தெரியல, இனிமே இப்படி விட முடியாது, கோயம்புத்தூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல பேசி வெச்சுட்டேன், ஜூன்ல வந்து ரெண்டு பேரையும் கொண்டுபோய் விட்டுடறேன் என்று எழுதியிருக்கிறாய். கொண்டுபோய் விடுவதற்கு நாங்கள் என்ன பூனைக்குட்டிகளா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. என்னம்மா நடந்தது என்று கேட்பதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் உன் மாமனார் வீட்டார் வரைக்கும் என் புருஷன் சேற்றில் கிடந்ததைப் பார்த்துவிட்டார்கள்.

நீ கேட்காததை நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி. உன் அப்பா யார் என்பதில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுவே உனக்கு மறந்துவிட்ட மாதிரித் தெரிகிறது. பி.டி. மாஸ்டர் சவரிராயன் விசில் ஊதி யாரும் பார்த்ததில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனை இந்தக் கோடியில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவன் ஓடி வருவான். நீயும் ஓடி வந்திருக்கிறாய். போன வருஷம் தவக்காலத்தில் ஸ்ட்ரோக் வந்தபோது அந்த வாய்தான் முதலில் போனது. வலது கையும் காலும் பிறகு. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது ஆமா, இல்ல, தண்ணி, வேணாம், இவ்வளவுதான் மிஞ்சி இருந்தது. பெயர்கள் ஒன்றுகூட வரவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டுவார், உதடு அசையும், ஒன்றும் வராது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அப்போதுதான் லிசி வீட்டுக்காரர் திருவெள்ளறையில் இருந்து ஒரு பெட்டைக்கோழியும் குஞ்சுகளும் கொண்டுவந்து விட்டார், பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகும் என்று. பின்பக்கம் செங்கல் வைத்து, கம்பிவலை அடித்து, மரக்கதவு போட்டு ஒரு கூடு கட்டினோம். பிசியோதெரபிக்கு வருகிற அமிர்தராஜ் தம்பி அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு, சார், இனிமே காலையில இந்தத் தாழ்ப்பாளை நீங்கதான் தொறக்கணும், வலது கையாலதான் தொறக்கணும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அம்மா கிட்ட வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளோடு அவர் போராடியதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். உள்ளே கோழிகள் கத்துகின்றன, வெளியே இவர் மூச்சு வாங்குகிறார். கடைசியில் திறந்துவிட்டார். கோழிகள் அவர் காலைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினதும் திரும்பி என்னைத் தேடினார் பார், மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கின அன்றைக்குக்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கோவில் மணி அடித்தால் போதும், நான் எழுப்ப வேண்டியதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே நடப்பார். கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது தம்ளரை வலது கையில் பிடித்துக் காபி குடித்தாரே, அது மாத்திரையால் வந்தது என்று நினைத்தாயா.

அந்த விடுமுறையில்தான் அவர் துவைக்கிற கல் பக்கம் வழுக்கி விழுந்தார். நீதான் ஓடிப்போய்த் தூக்கினாய். நீ பயந்துபோனது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. மறுநாளே அந்தக் கதவுக்கு ஆர்டர் போட்டுவிட்டாய். மெல்போர்னில் உங்கள் தோட்டத்தில் நரி வருகிறது என்று கோழிக்கூட்டுக்கு மாட்டியிருக்கிறாயாமே, அதே மாதிரி. வெளிச்சம் வந்தால் தானே ஏறும், வெளிச்சம் போனால் தானே இறங்கும், மேலே கேமரா, எல்லாம் உன் போனில் தெரியும். மரக்கதவைப் பிடுங்கித் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போட்டாய். அந்த இடத்தில் பலகையை வைத்து நாலு பக்கமும் திருகாணி முடுக்கி அதன் நடுவில் மிஷினை மாட்டினாய். முட்டை எடுக்கப் பக்கவாட்டில் ஒரு கை நுழைகிற ஜன்னல் மட்டும் விட்டாய். உன் அப்பா பக்கத்தில் நின்று வேணாம், வேணாம் என்றார். நீ அவர் தோளைத் தட்டி, அப்பா, இனிமே நீங்க எந்திரிக்கவே வேணாம்ப்பா, படுத்திருங்க, அதுவே தொறந்துக்கும் என்றாய். நீ சொன்னபடியே நடந்தது ஆஸ்டின். அவர் எழுந்திருக்கவில்லை. நீ விமானம் ஏறின மறுநாள் மணி அடித்ததும் வழக்கம்போல எழுந்து பின்கதவு வரைக்கும் போனார், அதற்குள் அந்த மிஷின் கிர்ரென்று ஏறிவிட்டது, கோழிகள் அவர் பக்கம் திரும்பாமலே மேயப் போய்விட்டன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்தார். பிறகு வெயில் ஏறினால்கூட எழுந்திருக்க வைப்பது எனக்குப் பெரிய பாடாகப் போனது. விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன. அமிர்தராஜ் தம்பி பந்தைக் கொடுத்தால் அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவார். பொங்கல் முடிந்து இதை உன்னிடம் போனில் சொன்னேன். பத்திரமா இருக்கார்ல, அதான்ம்மா முக்கியம் என்றாய். அவரைக் கூட்டிப்போய் மிஷின் பெட்டியில் இருக்கிற பட்டனை அழுத்தவாவது சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு மூன்று நாள் அழுத்தினார். அங்கே உன் போனில் மணி அடித்திருக்கிறது. அம்மா, சும்மா சும்மா பட்டனை அமுக்கி செட்டிங்கைக் கெடுக்கிறீங்க, நான் இங்கிருந்தே லாக் பண்ணிட்டேன் என்று எனக்குச் சொன்னாய். அதாவது மன்னார்புரத்தில் என் வீட்டுக் கொல்லையில் இருக்கிற கோழிக்கூட்டை மெல்போர்னில் இருக்கிற நீ தவிர யாரும் திறக்க முடியாது. நீ கெட்ட எண்ணத்தில் செய்தாய் என்று நான் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் உன்னோடு சண்டை போடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது அந்த மழை நாளுக்கு வருகிறேன். அம்மா எங்கே போனாள் என்று ஊரைக் கேட்டாயே, அம்மா உன் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க ரவுண்டானா பக்கத்து மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு ஜாவித்திடம் ஒரு காதை இந்தப் பக்கம் வைத்துக்கொள் தம்பி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், அவன் வீட்டு முன்னாலேயே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், பகலில் எங்கும் போகமாட்டான். மத்தியானம் தாண்டி, காபி நேரம்கூட ஆகவில்லை. காலையில் இருந்து புழுங்கிக்கொண்டிருந்த வானம் ஒரேயடியாகக் கறுத்துப் புழுதிக்காற்று அடித்தது, கோடை மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் இருங்கம்மா, விட்டதும் போகலாம் என்றார், எனக்கு மனசு கேட்கவில்லை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன். இங்கே வீட்டில் நடந்ததை நானும் ஜாவித்தும் பிறகு ஒன்று சேர்த்துப் புரிந்துகொண்டோம். உன் அப்பா பின்னறை ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்திருக்கிறார். காற்றுக்குப் பயந்து கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் ஓடியிருக்கின்றன. ரயில்வே காலி இடத்துப் புதரில் இருந்து ஒரு கீரி கொஞ்ச நாளாகவே வந்துபோய்க்கொண்டிருந்தது, பகலிலேயே வரும், நான் உன்னிடம் சொன்னதற்குக் கதவு பார்த்துக்கும்மா என்றாய். அந்தக் கீரியும் கோழிகள் பின்னாலேயே உள்ளே நுழைந்திருக்கிறது. வானம் இருட்டியதும் உன் மிஷின் பொழுது போய்விட்டது என்று நினைத்துக் கதவை இறக்கிவிட்டது. கீரியை உள்ளே வைத்து மூடிவிட்டது ஆஸ்டின். அந்தக் கூட்டில் ஓடி ஒளிய இடமா இருக்கிறது. ஜன்னலில் இருந்து அதைப் பார்த்த மனுஷன், மாதக்கணக்காகத் தானாக எழுந்திருக்காத மனுஷன், தடியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கியிருக்கிறார். முட்டை ஜன்னலில் தடியை விட்டுக் குத்தியிருக்கிறார், எட்டவில்லை. பட்டனை அழுத்தியிருக்கிறார், நீ பூட்டிவைத்த பட்டன். பிறகு மண்ணில் உட்கார்ந்து கதவின் அடி விளிம்பில் விரலைக் கொடுத்துத் தூக்கப் பார்த்திருக்கிறார். நான் கேட்டைத் திறக்கும்போதே கோழிகளின் கூச்சலுக்கு மேலே இன்னொரு சத்தம் கேட்டது, வார்த்தை பிரியவில்லை. எந்த வீட்டில் ஆம்பளை இப்படிக் கத்துகிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்தக் குரலைக் கேட்டு அவ்வளவு காலம் ஆகிவிட்டது. நான் போய் அவர் கையை இழுத்தால் எடுக்க மாட்டேன் என்கிறார், விரலில் இருந்து ரத்தம் மழைத் தண்ணீரோடு வழிகிறது. உனக்குப் போன் போட்டேன். கட் பண்ணினாய். மறுபடி போட்டேன். அப்புறம் கூப்பிடறேன் என்று எழுத்தில் வந்தது. நீ திறந்துவிட ஒரு விரல் போதும், அதற்குத்தான் கூப்பிட்டேன். அதற்குள் ஜாவித் சுவர் ஏறிக் குதித்துவிட்டான். டிவி சத்தம்னு நெனச்சுட்டேம்மா, சார் சத்தம்னு தெரியலம்மா என்று அவனும் தலையில் அடித்துக்கொண்டான். சார் கையைப் பிடிங்கம்மா, நான் பேத்துடறேன் என்று சொல்லிக் கடப்பாரையைப் பலகைக்கு அடியில் கொடுத்து நெம்பினான். திருகாணியோடு பலகை பிய்ந்து வந்தது. கீரி எங்கள் கால் நடுவில் பாய்ந்து ஓடிவிட்டது.

கூட்டுக்குள் இருந்ததை உனக்கு எழுதப்போவதில்லை. அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டை முட்டையை விட்டு எழுந்திருக்காமலே செத்துக் கிடந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. சேவல் ஒரு கண்ணோடு பிழைத்தது. ஜாவித் அவரைத் தூக்கி வண்டியில் நடுவில் உட்காரவைத்து நான் பின்னால் பிடித்துக்கொள்ள, நனைந்தபடியே தெருக்கோடி கிளினிக்குக்குப் போனோம். தையல் போட்ட டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா, இது ஸ்ட்ரோக் வந்த கை இல்லையா, இதாலயா தூக்கப் பார்த்தார் என்று கேட்டார். ஆமாம் டாக்டர், இதாலதான் தூக்கினார் என்றேன். வீட்டுக்கு வந்து அவருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, படுக்கவைத்துவிட்டு உன் போனுக்காகக் காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. நீ சாப்பாட்டு மேஜையில் இருந்து எழுந்து கேமராவில் பதிந்த வீடியோத் துண்டைப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமல் ஊருக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். அந்தத் துண்டு நான் கேட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. நான் ஓடி வந்தது அதில் இல்லை, ஜாவித் குதித்தது இல்லை, கீரி ஓடினது இல்லை. அதனால் அவை நடக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டாய். இருக்கட்டும். இன்னொன்று கேட்கிறேன், அந்தக் கேமராவில் மைக் இருக்கிறது, கொல்லையில் குருவி கத்தினால்கூட எனக்கு அங்கே கேட்கும் என்று பீற்றிக்கொண்டாயே, நீ அதைச் சத்தம் வைத்துப் பார்த்தாயா. மிரியாம் தூங்குகிறாள் என்று சத்தத்தைக் குறைத்திருப்பாய். நம் வீட்டில் லிசி அவள் போனில் சத்தம் வைத்துப் போட்டாள். தொறடா, தொறடா ஆஸ்டின், தொறடா என்று கத்துகிறார். அந்தக் கண்ணாடிக் குண்டுக்குப் பின்னால் நீ இருக்கிறாய் என்று நீதானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய், அப்பா, நான் எப்பவும் இதுல பாத்துக்கிட்டிருப்பேன் என்று. அந்த மனுஷன் அதை நம்பி உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். மைதானத்தில் கூப்பிடுகிற அதே குரல். ஸ்ட்ரோக் வந்ததில் இருந்து அவர் வாயில் வந்த முதல் பெயர் உன்னுடையது. கட்டிலில் படுத்திருந்தவர் தன் குரலைப் போனில் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார், இது யார் என்கிற மாதிரி. லிசி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். தினமும் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவள் பெயர் இன்றுவரை வரவில்லை, பெற்றவனைப் பைத்தியம் என்று எழுதினவன் பெயர் வந்துவிட்டது.

அதனால் நான் செய்ததைக் கேட்டுக்கொள். அந்த மிஷினையும் கேமராவையும் கழற்றிச் சாக்கில் கட்டி லிசி வீட்டுப் பரணில் போட்டாயிற்று. வரும்போது எடுத்துப் போய் உன் நரிகளுக்கு மாட்டிக்கொள், அங்கே அது நல்லதாகவே இருக்கலாம். பழைய மரக்கதவுக்கு ஜாவித் புதுக் கீல் அடித்துத் தந்தான், தாழ்ப்பாளும் பழையதுதான். அப்பா விழுந்தது பாசியில், கதவில் இல்லை. துவைக்கிற கல்லைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடர் போட்டு நான் தேய்த்துக் கழுவிவிட்டேன், பின்கதவில் இருந்து கூடு வரைக்கும் சுவரோரமாக ஜாவித் ஒரு குழாயை வெல்டிங் வைத்துக் கைப்பிடி ஆக்கிக்கொடுத்தான். கம்பிவலையையும் தரையோடு இறுக்கியாயிற்று, கீரி இன்னும் சுவரில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது. இதையெல்லாம் கிறிஸ்துமஸ் அன்றைக்கே நீ செய்திருக்கலாம், அரை நாள் வேலை, ஆனால் அதைப் போனில் பார்த்து ரசிக்க முடியாது. உன் அப்பா இரண்டு நாள் கழித்து மணி அடித்ததும் எழுந்தார். தையல் இருப்பதால் விரல் மடங்கவில்லை, கையைத் தாழ்ப்பாள் மேல் வைத்துக்கொண்டு நின்றார், அன்றைக்குத் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்தேன். அவருக்கு என் மேல் கோபம். நேற்றும் முடியவில்லை. அமிர்தராஜ் தம்பி நாளாகும், மறுபடி முதல்ல இருந்துதான் என்கிறார். முதலில் இருந்து என்றால் எங்களுக்குப் பயம் இல்லை. இல்லத்துக்கு நாங்கள் வரவில்லை. நீ பேசிவைத்த இடத்தில் நீயே பேசி முடித்துவிடு. குரூப்பில் போட்டதை எடுத்துவிடு என்று உன்னைக் கெஞ்ச மாட்டேன், பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், ஆனால் அதே இடத்தில் நடந்தது என்ன என்று நீயே உன் கையால் எழுது, உன் மாமியார் படிக்கும்படி எழுது. அதை எழுதின பிறகுதான் உன் போனை நான் எடுப்பேன்.

ஜூனில் வா. வராதே என்று சொல்லப் பெற்ற வயிறு விடவில்லை. பிரான்சியிடம் சொல், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளுக்குப் பிடித்த மாங்காய்த் தொக்கு போட்டுவைத்திருக்கிறேன். மிரியாமுக்கு இங்கே வெயில் ஒத்துக்கொள்ளாது, பருத்திச் சட்டையாகக் கொண்டு வாருங்கள், நைலான் வேண்டாம். உனக்கு நல்ல புத்தியும் நீடித்த ஆயுசும் கொடுக்கும்படி மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன், நல்ல புத்தியை முதலில் எழுதியிருப்பதைக் கவனி. எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் உங்கள் மூன்று பேருக்கும் உண்டு, கோபத்துக்காக ஆசீர்வாதத்தைப் பிடித்துவைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இல்லம் என்கிற பேச்சை இன்னும் எடுக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் என்னிடம் எடுக்காதே, லிசியிடமும் எடுக்காதே. வந்து உன் அப்பா எதிரில் உட்கார்ந்து அவரிடம் கேள். அவர் பதில் சொல்வார். வார்த்தை வர நேரமாகும், உதடு அசையும், நெற்றி வேர்க்கும், உனக்குப் பார்க்கப் பொறுக்காது. வாயில் வார்த்தை எடுத்துக் கொடுக்காதே. போனைக் கையில் எடுக்காதே. அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. ரோசம்மாள்